பூச்சாடிக்குள் ஒரு சுறா

கிடைத்துவிட்டது!

ஆமாம், அந்தப் பல்லுதான். போன சனிக்கிழமை, பிலிமத்தலாவையில், ஒரு வீட்டு முற்றத்தில், வாடிப்போன அந்தூரியச் செடியின் வேருக்குள்ளிருந்து கிடைத்தது. என் மனைவி விஜி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்று தாலி ஏறியபோதுகூட அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் இல்லை. (இதை அவளும் படிப்பாள். பரவாயில்லை... அவளே ஒப்புக்கொண்ட விஷயம்தான்.)

மழைக்காலத்தில் இதே பக்கத்தில் நான் எழுதிய வேண்டுகோளைப் படித்துவிட்டு, வீட்டுப் பூச்சாடிகளையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தீர்களே, அந்த வாசகர்கள் எல்லோருக்கும் முதலில் ஒரு கும்பிடு. உங்கள் வீட்டில் செத்துப்போன செடிகளுக்காக இன்னொரு கும்பிடு.

அந்த வாரம் பத்திரிகை வாங்காதவர்களுக்கு இது என்ன கதை என்றே புரியாது. பல் என்ன, பூச்சாடி என்ன, இவருக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள். ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

விஜி பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் தாதி. காலையிலிருந்து பின்னேரம் வரை சின்னச் சின்ன வாய்களுக்குள் எட்டிப் பார்ப்பது அவளுடைய உத்தியோகம். இப்படிப்பட்ட ஒருத்தி விடுமுறை நாளில் என்ன செய்வாள்? பல்லை மறந்துவிட்டுப் படம் பார்ப்பாள், தூங்குவாள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வருஷங்களுக்கு முன் புத்தளத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்காக நிற்கும்போது, தெருவோரத்தில் சுண்ணாம்புக் கல் உடைத்துக் குவித்திருந்தார்கள். பட்டுச் சேலையோடு விஜி அந்தக் குவியல் பக்கத்தில் குந்திவிட்டாள். எதையோ எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க... இது கல்லு இல்ல."

"பின்ன?"

"எனாமல். பல்லுக்கு மேல இருக்குமே, அந்தப் பளபளப்பு. இது பல்லுங்க!"

மாங்கொட்டை அளவுகூட இல்லை. முக்கோணமாக, சாம்பல் நிறமாக, ஓரமெல்லாம் அரம் போல வெட்டு. சுறாப் பல். நேற்றுச் செத்த சுறா அல்ல. புத்தளம் கடலுக்கடியில் கிடந்த காலத்தில், ஒரு கோடி வருஷத்துக்கும் முன்னால் நீந்திய சுறா. அதன் வாயிலிருந்து விழுந்த பல் சேற்றில் புதைந்து, சேறு கல்லாகி, கடல் பின்வாங்கி, கல்லை மனிதன் உடைத்து... கடைசியில் கல்யாணத்துக்கு வந்த ஒரு பல் தாதியின் கையில் வந்து சேர்ந்திருக்கிறது!

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. கலகெதரயில் எங்கள் வீட்டு வாசலில் பஸ் ஏறினால் குருணாகல்; அங்கே மாறினால் புத்தளம். கல் உடைக்கும் இடத்தின் சொந்தக்காரரிடம் விஜி நேரே போய்ப் பேசினாள். இயந்திரம் ஓடாத நாட்களில் கழிவுக் கல்லைக் கிளற அவர் அனுமதி கொடுத்தார். "தொப்பி போட்டுக்கங்க மிஸ், வெயில் மண்டையப் பொளந்திரும்" என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

சுறாவுக்கு உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்புதான். அது அழுகிப் போய்விடும். பல் மட்டும்தான் மிஞ்சும் — இதெல்லாம் எனக்கு விஜி சொல்லித் தெரிந்தது. சுறாப் பற்களோடு, திருக்கையின் தட்டைப் பல், கடலாமை ஓட்டுத் துண்டு, ஆவுளியா என்ற கடற்பசுவின் விலா எலும்பு, ஒரு முதலைப் பல்... ஒவ்வொன்றாக எங்கள் வீட்டு அலுமாரிக்குள் குடியேறின. என் சட்டைகள் கதிரைக்குக் குடிபெயர்ந்தன.

கல்லில் ஒட்டிய பல்லை எடுப்பதில் விஜிக்கு நிகர் விஜிதான். பழசாகிக் கழித்த பல் துப்புரவுக் கருவிகளை வைத்துக்கொண்டு, குசினி மேசையில் மணிக்கணக்காகச் சுரண்டுவாள். "வலிக்காது, வலிக்காது" என்று வாய் தன்பாட்டில் முணுமுணுக்கும். சுறாவிடம்தான்! சுத்தமானதும் பல்லின் வேர்ப் பக்கத்தில் ஒரு பொட்டு வெள்ளைப் பூச்சு; அதில் கறுப்பு மையால் ஓர் இலக்கம்; அதன் மேல் நிறமில்லாத நெயில் பொலிஷ். "தண்ணி பட்டாலும் அழியாது" என்பாள்.

பக்கத்து வீட்டுப் பண்டா ஐயாவுக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர் அவர். சிங்களமும் தமிழும் கலந்து, டிக்கட் கிழிப்பது போலவே பேசுவார்.

"மாத்தயா, நோனாவுக்கு பிஸ்ஸு. ஒலகத்தில எல்லாம் தங்கம் தேடுது. இவங்க செத்த மீனுட பல்லு தேடுது!"

மாத்தயா நான், நோனா விஜி, பிஸ்ஸு என்றால் பைத்தியம். விஜி சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றுவாள். அவரும் குடித்துக்கொண்டே இன்னொரு தடவை பிஸ்ஸு என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய கல் கிடைத்தது. தலையணை அளவு. உடைந்த பக்கத்தில் ஒரு பல்லின் நுனி தெரிந்தது. பஸ்ஸில் ஏற்ற முடியாமல், மரக்கறி லொறி ஒன்றில் வைத்துக் கொண்டுவந்தோம். விஜி மாதக்கணக்கில் சுரண்டினாள். ஒரு பல் வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஒன்பது. ஒரே நிறம், ஒரே வெட்டு, பக்கத்தில் போகப் போக அளவு மட்டும் சிறுத்துக்கொண்டு. நடுப்பல் என் உள்ளங்கையை முழுசாக மூடியது.

விஜி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஒத்தப் பல்லு எல்லா எடத்துலயும் கெடைக்கும். சுறா வாழ்நாள் பூரா பல்லு கொட்டிக்கிட்டே இருக்கும். ஆனா இது ஒரே வாயிங்க. ஒரே சுறாவோட வாயி அப்படியே படுத்திருக்கு."

ஒன்பதையும் கழற்றி, வரிசைப்படி ஒன்று முதல் ஒன்பது வரை தனி இலக்கம் போட்டு, படங்களைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினாள். கல்லின் வயதையும் பூமியின் சரித்திரத்தையும் கற்பிப்பவர். உடனே பதில் வந்தது: நேரில் பார்க்க வேண்டும், ஒன்பதும் ஒரே மீனுடையது என்றால் அது பெரிய விஷயம், யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், வருகிறேன். அன்றைக்கு விஜி பாயாசம் வைத்தாள்.

பேராசிரியர் வருவதற்குள் மழை வந்தது.

அந்த மழையை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் விரல் நுழையுமளவு வெடிப்பு விழுந்தது. கிராம சேவகர் அம்மா குடையும் சேறுமாக வந்து, எல்லோரும் உடனே கிளம்புங்கள் என்றார். பிலிமத்தலாவையில் விஜியின் தங்கை வீட்டுக்குப் போவதென்று ஒரு முச்சக்கர வண்டி பிடித்தோம். விஜி தன் சேகரிப்பை முழுக்க பிஸ்கட் டின்களில் போட்டு, பஞ்சு வைத்து, டேப் சுற்றி, வண்டியின் பின் ஆசனத்தில் அடுக்கிவிட்டாள். டின்களுக்கு நடுவே நாங்கள் எப்படி உட்காருவது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்து வாசலில் பண்டா ஐயா நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மனைவி பொடி மெனிக்கே. முழங்கால் ஒப்பரேஷன் செய்து அதிக நாளாகவில்லை. ஊன்றுகோல் சேற்றில் புதைந்தது. தெருவில் வேறு வண்டி இல்லை.

விஜி ஒரு நிமிஷம் டின்களைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக இறக்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"நோனா, ஒங்கட பெட்டி?" என்றார் பண்டா ஐயா.

"அதுங்க ஒரு கோடி வருஷம் காத்திருந்ததுங்க. இன்னும் ரெண்டு நாள் காத்திருக்காதா? அக்காவ ஏத்துங்க, சீக்கிரம்!"

நாங்கள் நால்வரும் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாகப் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் மேடு சரிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்காக நாங்கள் கும்பிடாத தெய்வம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டின் பின் அறை போய்விட்டது. அலுமாரி இருந்த அறை. பலாமரம் ஒன்றோடு செம்மண் அந்த அறையை அப்படியே அள்ளிக்கொண்டுபோய்க் கீழே பிரதான வீதியில் கொட்டியிருந்தது.

செய்தி கேட்டு நாங்கள் ஓடி வந்தபோது வீதியைத் திறக்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பெக்கோ இயந்திரம் மண்ணை அள்ளி டிப்பரில் போட, டிப்பர் அதைக் கொண்டுபோய் எதிரிலுள்ள பள்ளத்தாக்கில் தள்ளிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் எங்கள் அலுமாரியின் ஒரு கதவு நீட்டிக்கொண்டு தெரிந்தது.

விஜி செருப்பைக் கழற்றினாள். சேற்றில் இறங்கினாள். நேரே போய் பெக்கோவின் முன்னால் நின்றுவிட்டாள்.

எனக்கு மூச்சு நின்றது. பெக்கோவும் நின்றது.

கிராம சேவகர் அம்மா ஓடி வந்தார். "மிஸ், வீதி திறக்கவே வேணும். அம்புலன்ஸ் வர முடியாம இருக்கு!"

"தெறங்கம்மா! நான் தடுக்கல. வேலைய நிறுத்தவே வேணாம். மண்ண மட்டும் பள்ளத்துல தள்ளாதீங்க. கீழ வொலிபோல் கிரவுண்ட் சும்மாதான கெடக்கு? அங்க கொட்டுங்க. பள்ளத்துல போனா அவ்வளவுதான், ஆத்தோட போயிரும்."

"மண்ணுக்குள்ள என்ன மிஸ்? நகையா?"

"பல்லு."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். தோட்டத்து லயின் வீடுகளிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியிருக்கும் ஓர் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "வீடு போச்சேன்னு அழுவாங்க. இந்தப் புள்ள பல்லு போச்சுன்னு நிக்குதே!"

விஜி திரும்பினாள். அழவில்லை. "அறைய நாளைக்கே கட்டலாங்க்கா. இத இன்னொரு தடவ செய்ய ஒரு கோடி வருஷம் ஆகும்."

கிராம சேவகர் அம்மா மண்மேட்டைப் பார்த்தார், விஜியைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். அப்போது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. பண்டா ஐயா. பஸ்ஸில் மிதிபலகையில் நின்று கத்திய அதே குரல். சிங்களத்தில் வெளுத்து வாங்கினார். சாராம்சம் இதுதான்: நேற்று இந்த நோனா தன் பெட்டிகளை இறக்கிவிட்டு என் மனுஷியை ஏற்றினாள். அவளுடைய பெட்டிகளுக்கு ஒரு மைதானம் கொடுக்க இந்த ஊருக்கு முடியாதா?

டிப்பர் திரும்பியது. மைதானத்துக்கு!

அடுத்த பிரச்சினை, அந்த மண்மலையை அரிப்பது. திகனயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் நானாவுக்கு நான் போன் செய்தேன். இரண்டு பழைய மணல் அரிதட்டு இரவலாகக் கிடைக்குமா என்று மட்டும்தான் கேட்டேன். அவர் ஒரு வேனே நிரப்பிக்கொண்டு வந்து இறங்கினார். அரிதட்டு, தண்ணீர்க் குழாய், மண்வெட்டி, கையுறை, கூடவே கடைப் பொடியன்மாருக்கும் எங்களுக்குமாகப் புரியாணி.

"கவலப்பட வாணாம் மிஸ். மண்ணுக்குள்ள ஈக்கிற சாமான் எங்கயும் ஓடாது" என்றவர், தட்டை ஆட்டிக்கொண்டே கேட்டார்: "அது சரி, எங்கட திகனயிலயும் சுண்ணாம்புக் கல் ஈக்கிதானே. அதுக்குள்ள இப்பிடி ஒண்டும் இல்லையா?"

"இல்ல நானா. அது பூமிக்குள்ள போயி நல்லா வெந்து வந்த கல்லு. உள்ள எது இருந்திருந்தாலும் கரைஞ்சிருக்கும்."

"அப்ப இவ்வளவு காலமா வெந்த கல்லத்தான் வித்துச் சாப்பிட்டிருக்கோம்!"

அந்த முதல் நாள் மத்தியானம் வரை கிடைத்தவை: என் ஒரு சப்பாத்து, ரேடியோவின் மூடி, ஏராளமான பலாக்கொட்டை. டின்கள் நசுங்கித் திறந்திருந்தன, உள்ளே மண். விஜி அந்த மண்ணை விரலால் கிளறிக்கொண்டே இருந்தாள். நான் அவளைப் பார்க்கப் பயந்துபோய் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நோனா! தத! தத!"

சிங்களத்தில் பல்லுக்குத் 'தத' என்று பெயர். பண்டா ஐயா முழங்கால் வரை சேற்றில் நின்று எதையோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். விஜி ஓடினாள். தண்ணீர் பீய்ச்சினாள். சாம்பல் நிற முக்கோணம். வேர்ப் பக்கத்தில் வெள்ளைப் பொட்டு. அதில், நெயில் பொலிஷுக்கு அடியில், அவளுடைய கையெழுத்தில் ஓர் இலக்கம்... ஒரு கோடு அழியவில்லை!

அதன் பிறகு ஊர் விடவில்லை. சனி, ஞாயிறு வந்தால் மைதானம் நிறைந்துவிடும். கன்னத்தில் கை வைத்த அக்கா தன் வீட்டு மாச்சல்லடையோடு வந்து உட்கார்ந்தார். யாருக்குப் பல் கிடைத்தாலும் "தத!" என்று ஒரு சத்தம், உடனே எல்லாத் தட்டுகளும் நிற்கும், விஜி இலக்கத்தை வாசிப்பாள், கைதட்டல். ஆவுளியா விலா எலும்பு இரண்டு துண்டாக வந்தது. முதலைப் பல் முழுசாக வந்தது. அந்த ஒன்பதில் ஒவ்வொன்றாக எட்டுப் பல் வந்து சேர்ந்தன.

ஒன்பதாவது வரவில்லை. நடுப்பல். உள்ளங்கைப் பல்.

மண்மலை தரைமட்டமாகிவிட்டது. கடைசிக் கூடையும் அரித்தாயிற்று. இல்லை! அப்படியென்றால் நாங்கள் வந்து சேர்வதற்கு முன் பள்ளத்தில் தள்ளிய மண்ணோடு போய்விட்டதா? ரிஸ்வான் நானா தன் ஆட்களை அனுப்பிப் பள்ளத்தில் பார்க்கச் சொன்னார். அங்கேயும் இல்லை. அப்போதுதான் டிப்பர் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். ஆரம்பத்தில் ஒரு லோட் மண்ணைப் பள்ளத்தில் தள்ளவில்லையாம். நல்ல செம்மண்ணாக இருக்கிறதே என்று வழியில் பூக்கன்று விற்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். அங்கே கொட்டிவிட்டு வந்திருக்கிறார்.

ஓடினோம். அந்தப் பெண் நல்ல மனுஷி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்த மண் நிரப்பிக் கன்று நட்ட கறுப்புப் பைகளில் மிச்சமிருந்தவற்றை எல்லாம் எங்களோடு உட்கார்ந்து பிரித்தார். ரோசாப் பை ஒன்றுக்குள் சின்னச் சுறாப்பல் ஒன்று! ஆக, மண் இந்த மண்தான். ஆனால் பைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது. யார் யார் வாங்கினார்கள்? "ரோட்டால போறவங்கதான். கண்டி, பிலிமத்தலாவ, பேராதன... எல்லாப் பக்கமும்."

அன்று திரும்பி வரும் வழியில் விஜி பஸ் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "போனது போகட்டுங்க. எட்டு கெடைச்சிச்சே."

அவள் 'போகட்டும்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. வீட்டுக்குப் போனதும் பேனாவை எடுத்தேன். அதுதான் நீங்கள் படித்த அந்த வேண்டுகோள்: 'உங்கள் பூச்சாடிக்குள் என் மனைவியின் சுறாப்பல் இருக்கலாம்.' பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "இது சிறுகதையா?" என்று கேட்டார். இல்லை சார், வாழ்க்கை என்றேன்.

வாசகர்களே, நீங்கள் அனுப்பியவற்றையெல்லாம் இங்கே எழுதினால் இடம் போதாது. கோழி எலும்பு வந்தது. நாய்ப்பல் வந்தது. பாதி பாக்கு வந்தது. மாத்தளைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மாமனாரின் கட்டுப்பல்லையே பொதி செய்து அனுப்பியிருந்தார். இதுவும் மண்ணில்தான் கிடந்தது, உங்களுடையதா என்று பாருங்கள் என்று! விஜி அதைக் கழுவி, மரியாதையாகத் திருப்பி அனுப்பினாள். ஆனால் நடுநடுவே நிஜப் பற்களும் வந்தன. சின்னதாக, இலக்கத்தோடு. முச்சக்கர வண்டியில் வந்தன. பஸ் கொண்டக்டர் கையில் வந்தன. நெருப்புப் பெட்டிக்குள் வந்தன.

போன சனிக்கிழமை காலை என் போன் அடித்தது. ஒரு பெண் குரல். யாழ்ப்பாணத் தமிழ்.

"தம்பி, நீங்கள்தானே பேப்பரில பல்லு கேட்டு எழுதினது?"

"ஆமாங்கம்மா."

"நான் பிலிமத்தலாவையில மகளோட இருக்கிறன். அந்தூரியம் ஒண்டு வாங்கினனான். எவ்வளவு தண்ணி விட்டும் வாடிக்கொண்டே போகுது. சரி, சாடியை மாத்துவமெண்டு இண்டைக்குக் கவிட்டன். வேருக்க பெரிய கல்லொண்டு. எறிய வெளிக்கிட்டனான்... பிறகு பார்த்தால் கரையெல்லாம் வாள் மாதிரி இருக்கு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "அம்மா, அதுல ஒரு பக்கம் வெள்ளையா பொட்டு மாதிரி..."

"ஓம், ஓம். ஏதோ நம்பரும் கிடக்கு. ஐஞ்சு எண்டு நினைக்கிறன்."

விஜி பின்னால்தான் நின்றாள். என் முகத்தைப் பார்த்தே அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

அந்த அம்மாவின் பெயர் சரோஜினி. ஓய்வுபெற்ற தபாலதிபர். முற்றத்தில் ஒரு பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் அந்தூரியத்தையும் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். அந்தூரியத்தின் வேர்கள் பல்லைச் சுற்றி, குழந்தை விரலைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தன. விஜி அவற்றை அவசரப்பட்டுப் பிய்க்கவில்லை. கைப்பையிலிருந்து தன் பழைய கருவியை எடுத்தாள். ஒவ்வொரு வேராக விலக்கினாள். கடைசி வேரும் விலகியதும் பல்லைத் திருப்பினாள்.

ஐந்து. ஒன்பதில் நடுவில் வரும் ஐந்து.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு சரோஜினி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அது சரி பிள்ளை," என்றார் அந்த அம்மா, அவள் முதுகைத் தடவிக்கொண்டே. "சுறாவுக்கு நெயில் பொலிஷ் போட்ட ஆள் உலகத்தில நீ ஒருத்திதான்."

இனித் தாமதம் எதற்கு? புதன்கிழமையே பேராசிரியர் வந்தார். இப்போது நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன் அறையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்தோம். விஜி ஒன்பது பற்களையும் வளைவாக அடுக்கினாள், பிள்ளைகளின் வாய்க்குள் அவள் தினமும் பார்க்கும் அதே வளைவு. பேராசிரியர் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்னால் பண்டா ஐயா, பொடி மெனிக்கே அக்கா, ரிஸ்வான் நானா, கிராம சேவகர் அம்மா... எல்லோரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பெற்றோர் மாதிரி நின்றார்கள்.

கடைசியில் நிமிர்ந்தார். விஜியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஒரே வாய்தான். சந்தேகமே இல்லை. இந்த நடுப்பல் இல்லாவிட்டால் என்னால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. இதை ஆராய்ந்து எழுதும்போது உங்கள் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும். சம்மதமா?"

பண்டா ஐயா என் தோளில் ஓர் அடி வைத்தார் பாருங்கள், இன்னும் வலிக்கிறது. "அபே மோரா, மாத்தயா! அபே மோரா!" எங்கள் சுறாவாம். செத்த மீனின் பல் என்று சொன்ன அதே வாய்!

நான் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பற்கள் எங்கள் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்த காலத்தில் அவை விஜியுடையவை. அவ்வளவுதான். தொலைந்து, சேற்றில் சிதறி, பத்துப் பேர் கையால் திரும்பி வந்த பிறகுதான் ஊருடையவை ஆயின. அதற்காக எல்லோரும் போய்த் தங்கள் பொருளைத் தொலைத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை! ஆனால் பூட்டி வைத்த எதற்கும் இந்தக் கைதட்டல் கிடைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பேராசிரியர் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சிறு அட்டை எழுதினார். 'கிடைத்த இடம்' என்ற இடத்தில் புத்தளம் என்று போட்டார். பண்டா ஐயா எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சேர், இது சரியில்ல. புத்தளத்தில எடுத்தது ஒரு தடவதான். எங்கட மண்ணில நாங்க எல்லாரும் சேந்து எடுத்திருக்கு. கலகெதர எங்க?"

"ஐயா, கலகெதரயில் சுறா இருந்ததே இல்லையே. இது மலை!"

விஜி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை நீட்டினாள். "ரெண்டையும் எழுதிருங்க சேர். மொதல்ல புத்தளம். அப்புறம் கலகெதர. ரெண்டுமே உண்மைதான?"

பேராசிரியர் பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு சிரித்துக்கொண்டே எழுதினார்.

கடலைக் கண்ணால் காணாத மலையூரில் சுறா பிடித்தவர்கள் நாங்கள் — மீன்பிடிக்குப் பேர்போன நீர்கொழும்புக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்!